துறைமுக வாயிற் சீட்டு யார் கையில்?

காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் செப்பனிட்டு, சரக்குக் கப்பல்கள் வந்து தங்கத்தக்கதாக ஆக்குவதற்கு 6 கோடி 15 இலட்சம் அமெரிக்க டொலரை நன்கொடையாகத் தர இந்திய அரசாங்கம் 2024ஆம் ஆண்டில் முன்வந்தது. 2018 ஜனவரியில் 4 கோடி 52 இலட்சம் டொலர் கடனாகத் தர உடன்பட்ட அதே வேலைதான், ஆறாண்டுகள் தாள்களில் உறங்கிய பின்னர் நன்கொடையாக உருமாறி வந்தது. இதற்கிடையில், 2023 ஒக்டோபர் 14ஆந் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கிற்று. சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடிற்று. 2015 ஜனவரியிலேயே புகைவண்டி காங்கேசன்துறைக்குத் திரும்பிவிட்டது. வடபகுதியின் கடல்வாயில் மெல்ல மெல்லத் திறக்கிறது என்பதில் ஐயமில்லை.

இத்துறைமுகத்தைப் பற்றி அரசினர் பேசும்போது அலைதடுப்புச் சுவரின் நீளத்தையும் கடலின் ஆழத்தையும் பேசுகின்றனர். எம்மவருட் சிலர் எத்தனை கப்பல் வரும், எத்தனை தொன் சீமெந்து இறங்கும் என்று கணக்கிடுகின்றனர். நாம் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. அத்துறைமுகத்தின் வாயிலில் நிற்பவர் யார்? உள்ளே சென்று வேலை செய்வதற்கான அடையாள அட்டையை வழங்குபவர் யார்? மறுப்பதாயின், எந்தச் சட்டத்தின்கீழ், எந்தக் காரணத்துக்காக மறுப்பார்?

இது சிறு விடயம் என எண்ணுவோர் ஒரு கப்பல் வந்து சேர்ந்தால் எத்தனை பேருக்கு வேலை உண்டாகிறது என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்கட்டும். மூடை தூக்குவோர், பாரந்தூக்கி இயக்குவோர், லொறிச் சாரதி, அவரோடு செல்லும் உதவியாள், சுங்கத் தரகர், கணக்கர், பொறியியலாளர், பழுது பார்ப்போர், தேநீர் கொண்டு செல்லும் சிறுவியாபாரி என எல்லோரும் ஒரே வாயிலாலேயே உள்ளே செல்லவேண்டும். சீட்டில்லாதவனுக்கு அன்று கூலியில்லை. அவ்வாயிலில் மறுக்கப்படும் ஓர் அட்டை ஒரு வீட்டின் உலைமூடியைத் திறக்காமற் செய்துவிடும்.

துறைமுகத் தொழிலாளருக்கு அடையாள அட்டை வேண்டாமென்று நாம் வாதிடவில்லை. 2001 செப்டெம்பரில் நியூயோர்க்கிலும் வாசிங்டனிலும் நிகழ்ந்தவற்றின் பின், இலண்டனிலுள்ள சர்வதேசக் கடல்சார் நிறுவனம் 2002 டிசெம்பரில் கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான பாதுகாப்பு விதிக்கோவை ஒன்றை இயற்றிற்று. 2004 யூலை 1ஆந் திகதி முதல் அது நடைமுறையில் உள்ளது. வெளிநாட்டுக் கப்பல் வரும் எத்துறைமுகமும் உள்ளே வருபவர் யார், போகிறவர் யார் என அறிந்திருத்தல் வேண்டும். இல்லையேல் அத்துறைமுகத்தில் தங்கிவரும் கப்பல்களை ஏனைய நாடுகள் ஐயத்தோடு நோக்கும். கொழும்புத் துறைமுகத்துள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டியிருப்பது போலக் காங்கேசன்துறையிலும் வேண்டியிருக்கும். ஆயின், வாயிலிற் படைவீரன் நிற்கவேண்டும் என்று அவ்விதிக்கோவை எங்கும் கூறவில்லை. துறைமுகத்துக்கு ஒரு பாதுகாப்பு உத்தியோகத்தர் பொறுப்பாயிருத்தல் வேண்டுமென்றே கூறுகிறது. அவர் குடியியல் உத்தியோகத்தராய் இருப்பதற்கு யாதொரு தடையும் இல்லை.

அமெரிக்கா இதனை எவ்வாறு செய்தது என்பதைச் சிறிது விரிவாகவே கூறவேண்டும். எம்மவருக்கு அந்நாட்டுத் துறைமுகம் புதிதன்று. வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், எம்மூர் மாலுமிகளோடு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து 1938 ஆகஸ்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. அன்று அம்மாலுமிகளின் பெருவிரலடையாளத்தை எவரும் பதிந்திருக்கமாட்டார். இன்று அந்நாட்டுத் துறைமுகங்களிற் காவலின்றி நடமாடி வேலை செய்யவேண்டுமாயின், போக்குவரத்துத் தொழிலாளர் அடையாள அட்டை ஒன்று வேண்டும். 2002ஆம் ஆண்டின் கடல்வழிப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது பிறந்தது. 2007 ஒக்டோபரில் டெலவெயர் மாநிலத்தில் விண்ணப்பம் ஏற்கத் தொடங்கினர். 2009 ஏப்பிரல் 15 முதல் நாடெங்கும் அது கட்டாயமாயிற்று. அதற்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்துவிட்டனர். தொடக்கத்திற் கட்டணம் 132 டொலர் 50 சதம். அட்டையின் ஆயுள் ஐந்து ஆண்டு. பத்து விரலின் அடையாளமும், நிழற்படமும், பிறப்பையும் குடியுரிமையையும் காட்டும் பத்திரங்களும் கொண்டு சென்று நேரில் விண்ணப்பிக்கவேண்டும்.

கெடுபிடியான திட்டந்தான். எனினும் அதன் உள்ளே ஓர் ஒழுங்கு இருக்கிறது. எந்தெந்தக் குற்றத்துக்கு அட்டை மறுக்கப்படும் என்பது சட்டத்திலேயே பட்டியலிடப்பட்டுள்ளது. தேசத்துரோகம், வேவு பார்த்தல் போன்ற சில குற்றங்களுக்கு என்றென்றும் அட்டை இல்லை. வேறு சிலவற்றுக்கு, தீர்ப்பிலிருந்து ஏழு ஆண்டும் சிறையிலிருந்து வெளிவந்து ஐந்து ஆண்டும் கழிந்தாற் போதும். மறுப்பதாயின் எழுத்திலே அறிவிக்கவேண்டும். அறிவித்தல் கிடைத்த அறுபது நாளுள் மேன்முறையீடு செய்யலாம். குற்றம் உண்மையாயினும், ‘யான் திருந்தி வாழ்கிறேன்’ எனச் சான்று காட்டி விலக்குக் கோரவும் வழியுண்டு.

இத்தனை ஏற்பாடு எதற்கு என்பதற்கு அந்நாட்டின் அநுபவமே விடை தந்தது. விண்ணப்பித்தோரின் பெயரைச் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகத்தின் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தனர். அப்பதிவேட்டிலோ, கைது செய்தமை குறிக்கப்பட்டிருக்கும். வழக்கு என்னவாயிற்று என்பது குறிக்கப்பட்டிராது. கைதுப் பதிவுகளில் ஏறத்தாழ அரைவாசிக்கு முடிவு எழுதப்படவில்லை என அமெரிக்கச் சட்டமா அதிபரின் அறிக்கையே 2006இல் ஒப்புக்கொண்டது. விடுதலையானவனும் குற்றவாளியும் அவ்வேட்டில் ஒரே முகத்தோடு நின்றனர். ஆகையால், முதலில் மறுக்கப்பட்டு முறையீடு செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் அட்டை பெற்றனர். முறையீடு செய்யத் தெரியாதவர், வழக்கறிஞரை அமர்த்த வகையற்றவர், ஆங்கிலக் கடிதத்தைக் கண்டு மிரண்டவர் ஆகியோர் நியாயம் தம் பக்கம் இருந்தும் வேலையை இழந்திருப்பர் என்பதை ஊகித்தறிய அதிக அறிவு வேண்டியதில்லை.

இனி, இக்கண்ணாடியை எமது பக்கம் திருப்பிப் பார்ப்போம்.

பயங்கரவாதத் தடைச்சட்டம் 1979ஆம் ஆண்டில் மூன்றாண்டுக்கு மட்டும் என்று கூறிக் கொண்டுவரப்பட்டது, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அச்சட்டத்தின் கீழும் அவசரகால விதிகளின் கீழும் பிடிக்கப்பட்டு, குற்றச்சாட்டு எதுவுமின்றி மாதக்கணக்காக, வருடக்கணக்காக அடைக்கப்பட்டு, ஒருநாள் ‘போய்விடு’ என்று வெளியே அனுப்பப்பட்ட தமிழ் இளைஞர் எத்தனை ஆயிரவர்! குடாநாட்டில் அத்தகைய ஒருவரேனும் இல்லாத கிராமத்தைக் காட்டமுடியுமா? அவர்களின் பெயர்கள் ஏதோ ஒரு கோவையில் இருக்கின்றன. கைது எழுதப்பட்டிருக்கும், விடுதலை எழுதப்பட்டதோ என்பது யாருக்கும் தெரியாது. அதன்மேல், 2009 மே மாதத்தின் பின் புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டோர் பன்னீராயிரவர் அளவில் என அரசாங்கமே கணக்குக் கூறிற்று. அன்று இருபது வயதினராய் இருந்தவர்கள் இன்று குடும்பத் தலைவர்கள். தோள்வலிமையன்றி வேறு முதலில்லாதவர் அவர்களிற் பலர். துறைமுகம் திறந்தால் அதன் வாயிலுக்கு முதலில் வந்து நிற்கப் போகிறவர்களும் அவர்களே.

அவர்களை நோக்கி, ‘பாதுகாப்பு அனுமதி கிடைக்கவில்லை’ என்ற மூன்று சொற்களைச் சொல்லி அனுப்பிவிடலாம். யார் கொடுக்கவில்லை, ஏன் கொடுக்கவில்லை, யாரிடம் முறையிடுவது என்று கேட்க இடமே இராது. அமெரிக்காவில் மறுக்கப்பட்டவனுக்கு ஒரு கடிதமாவது கிடைத்தது. இங்கு மறுக்கப்படுபவனுக்கு ஒரு கையசைவுதான் கிடைக்கும். எமது அச்சம் வீண் அச்சம் என்று சொல்வோர், சீட்டுக்காகக் காத்துநின்ற குடாநாட்டின் நெடிய கதையை மறந்தவராவர்.

1990ஆம் ஆண்டு யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினர். காங்கேசன்துறையும் மயிலிட்டியும் பலாலியும் வேலிக்குள்ளே போயின. சீமெந்துத் தொழிற்சாலையும் அவ்வாண்டோடு ஓய்ந்தது. 1996இன் பின்னர் மீனவர் கடலுக்குப் போகப் படையினரின் பாஸ் வேண்டிற்று. எத்தனை மணிக்குப் புறப்படலாம், எத்தனை மணிக்குத் திரும்பவேண்டும், எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை குதிரைவலு இயந்திரம் பூட்டலாம் என்பனவெல்லாம் கரையில் நின்றவரின் கட்டளை. மீனுக்கு அக்கட்டளை தெரியாது. 2006 ஆகஸ்டில் முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்ட பின்னரோ, குடாநாடு முழுவதுமே ஒரு வாயிலுக்குள் அடங்கிற்று. திருகோணமலைக்குக் கப்பலேறவும் கொழும்புக்கு விமானமேறவும் படையினரின் அனுமதி வேண்டும். அந்நாளில் நோயாளியும், பரீட்சைக்குச் செல்லும் மாணவனும், வெளிநாட்டில் மகளின் திருமணத்துக்குச் செல்லும் தாயும் ஒரே வரிசையில் நின்றனர்.

உண்மையைச் சொல்வதாயின் முழுவதையும் சொல்லவேண்டும். 1995ஆம் ஆண்டுவரை குடாநாடு விடுதலைப் புலிகளின் ஆட்சியில் இருந்தபோதும் வெளியேறுவதற்குப் பாஸ் வேண்டியிருந்தது. பிணைநிற்க ஓர் ஆளையும் காட்டவேண்டியிருந்தது. அங்கும் மறுத்தவரைக் கேள்வி கேட்க வழியிருக்கவில்லை. சீட்டை வழங்குபவன் கையில் ஆயுதம் இருக்கும்போது, அவன் எம்மொழி பேசினாலும் சீட்டுக் கேட்பவன் கைகட்டியே நிற்கவேண்டி நேரும். எம்மக்கள் இருதிறத்தாரிடமும் கற்ற பாடம் இது.

அட்டை எம்மைக் காக்கும் என்று நம்பவும் எமக்குக் காரணம் குறைவு. ஆட்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1968இல் வந்தது. தேசிய அடையாள அட்டை 1972இல் வழங்கப்படத் தொடங்கிற்று. 2014ஆம் ஆண்டுவரை சிங்களப் பகுதிகளில் அது தனிச் சிங்களத்தில் இருந்தது. வடக்குக் கிழக்கில் சிங்களத்தோடு தமிழும் சேர்ந்திருந்தது. தமிழுக்குக் கிடைத்த அந்தச் சலுகை, சோதனைச் சாவடியில் அட்டையை வாசிக்காமலே, பார்த்த மாத்திரத்தில் இன்னான் தமிழன் என்று அறியச் செய்தது! 2007 யூன் 7ஆந் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்து 376 தமிழரைப் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றினரே, அவர்களிற் பலரிடம் அடையாள அட்டையும் இருந்தது, பொலிஸ் பதிவும் இருந்தது. மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பின்னரே அவ்வெளியேற்றம் நின்றது.

நீதிமன்றத்தை நாடினாற் பயனுண்டு என்பதற்கு இன்னொரு சான்றையும் கூறலாம். 2011இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் இராணுவத்தினர் வீடுவீடாகச் சென்று குடும்பங்களைப் பதிவு செய்தனர், படமும் பிடித்தனர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர் உயர் நீதிமன்றத்தில் வழக்கிட்டனர். எந்தச் சட்டம் இதற்கு அதிகாரம் தந்தது என்ற கேள்வி எழுந்தது. அவ்வாண்டு மார்ச்சில் அப்பதிவு நிறுத்தப்படுமெனச் சட்டமா அதிபர் நீதிமன்றத்தில் உறுதி கூறினார். பதிவதும் அனுமதிப்பதும் குடியியல் நிர்வாகத்தின் வேலை என்ற கொள்கையையே நாம் துறைமுக வாயிலுக்கும் உரித்தாக்கக் கேட்கிறோம்.

இவ்விடயம் கூலித் தொழிலாளருக்கு மட்டும் உரியதென எம் விவசாயிகள் எண்ணிவிடலாகாது. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துப் புகையிலை கடலேறித் திருவிதாங்கூருக்குச் சென்றது. அவ்வியாபாரத்தால் எழுந்த கல்வீடுகள் இன்னும் ஊர்களில் நிற்கின்றன. இன்று எமது சின்ன வெங்காயமும் உருளைக்கிழங்கும் மிளகாயும் லொறியேறித் தம்புள்ளைக்குச் சென்று, அங்குள்ள தரகர் சொல்லும் விலைக்கு விற்கப்படுகின்றன. காங்கேசன்துறை சரக்குத் துறைமுகமானால், வலிகாமத்துச் செம்மண்ணின் விளைவுக்கு மற்றொரு சந்தை பிறக்கலாம். ஆனால் தோட்டக்காரன் தானே சரக்கைச் சுமந்து கப்பலில் ஏற்றப்போவதில்லை. லொறிச் சாரதிக்குச் சீட்டில்லையேல் வெங்காயம் வாயிலில் அழுகும். சீட்டுள்ள சாரதிகள் சிலரே என்றால் அவர்கள் கேட்பதே கூலி. யாருக்குச் சீட்டுக் கிடைக்கும் என்பதை அதிகாரியின் தயவு நிர்ணயிக்குமாயின், அந்தத் தயவுக்கும் ஒரு விலை வந்துவிடும். அவ்விலை கடைசியில் தோட்டக்காரன் தலையிலேயே விழும். ஊழல் என்பது ஆட்களின் குணத்தால் மட்டும் வருவதன்று. காரணம் கூறாமல் மறுக்கும் அதிகாரம் இருக்குமிடத்தில் அது தானாகவே முளைக்கும்.

‘நாட்டின் பாதுகாப்பு என்னாவது?’ என்று கேட்பவரின் வாதத்தையும் நாம் புறந்தள்ளவில்லை. 2019 ஏப்பிரல் 21ஆந் திகதியின் கொடூரத்தை எவர் மறப்பர்? வடகரையோரம் வழியாகக் கஞ்சா வருவதும் பொய்யன்று; அதனால் அழிவது எமது பிள்ளைகளே. கடலிற் காவல் வேண்டும். அது கடற்படையின் வேலை. சரக்கைச் சோதிக்கவேண்டும், அது சுங்கப் பகுதியின் வேலை. குற்றவாளியைப் பிடிக்கவேண்டும், அது பொலிசாரின் வேலை. துறைமுகத்தை நடத்துவதும், அதில் யார் வேலை செய்யலாம் எனத் தீர்மானிப்பதும் 1979ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த துறைமுக அதிகார சபையின் வேலை. காங்கேசன்துறையில் கடற்படைத் தளமும் துறைமுகமும் அடுத்தடுத்து இருப்பதால், ஒன்றின் வாயில் மற்றொன்றின் வாயிலாகிவிடும் அபாயம் இருக்கிறது. புதிய துறைமுகத்தின் வரைபடத்திலேயே, தொழிலாளரும் சரக்கும் செல்லும் பாதை தளத்தின் பாதையிலிருந்து பிரிக்கப்படல் வேண்டும். சுவர் எழும்பிய பின்னர் அதைக் கேட்பதிற் பயனில்லை.

ஆகவே நாம் கேட்பன இவை. அட்டைக்குரிய விதிகள் துறைமுகம் திறக்குமுன் வர்த்தமானியில் வெளிவரட்டும். எந்தக் குற்றத்துக்கு எத்தனை ஆண்டு தடை என்பது அதிற் பட்டியலாக இருக்கட்டும். நீதிமன்றம் அளித்த தீர்ப்பு மட்டுமே தடையாகக் கொள்ளப்படுக. கைதும், தடுத்துவைப்பும், புனர்வாழ்வும், உறவினன் ஒருவனின் பெயரும் தடையாகலாகா. இறுதியிற் கூறியதை வலியுறுத்துகிறோம். தமையன் இயக்கத்தில் இருந்தான் என்பதற்காகத் தம்பி வேலை இழக்கும் அநியாயம் நேரலாகாது. விண்ணப்பம் யாழ்ப்பாணத்திலேயே ஏற்கப்படல் வேண்டும். இத்தனை நாளுள் முடிவு என்ற எல்லை வேண்டும். கட்டணம் ஒருநாட் கூலியை விஞ்சலாகாது. மறுத்தாற் காரணத்தை எழுத்தில், தமிழில் தரல் வேண்டும். படையினரோ பொலிசாரோ அல்லாத, சட்டம் அறிந்த ஒருவர் முன் மேன்முறையீடு செய்ய வழி வேண்டும்.

தமிழில் என்று கேட்பது புதிய கோரிக்கையன்று. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் ஆண்களும் பெண்களும் வெயிலில் அமர்ந்து அடிபட்டது, தமிழனோடு அரசாங்கம் தமிழிற் கருமமாற்ற வேண்டும் என்பதற்காகவே. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1988இல் பதினாறாம் திருத்தம் வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழி தமிழென்று விதித்தது. துறைமுக வாயில் வடக்கில்தான் இருக்கிறது. அங்கே சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட படிவத்தை நீட்டுவாராயின், அது அரசியலமைப்புக்கே மாறானது.

எம் வாசகருள் வழக்கறிஞர் பலர் உளர். பொறியியலாளரும் கணக்காளரும் உளர். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவர்கள் கையில் இருக்கிறது. துறைமுக அதிகார சபையிடம் அவர்கள் மூன்று கேள்விகளை எழுத்தில் இன்றே கேட்கலாம். காங்கேசன்துறைத் துறைமுகத்துள் வேலைக்குச் செல்வோருக்கு அனுமதி வழங்கும் உத்தியோகத்தர் எத்திணைக்களத்தவர்? எந்த விதியின்கீழ் வழங்குகிறார்? மறுக்கப்பட்டவருக்குக் காரணம் எம்மொழியில், எவ்வடிவில் அறிவிக்கப்படுகிறது? பதினான்கு வேலை நாளுள் முடிவு கூற அச்சபை கடமைப்பட்டது. தேசியப் பாதுகாப்பு என்ற விலக்கைக் காட்டி மறுக்க முயன்றால், ஒரு படிவத்தின் மொழியைச் சொல்வதால் நாட்டுக்கு என்ன கேடு என்று ஆணைக்குழுவின் முன் கேட்கலாம். கிடைக்கும் பதில்களை எமக்கு அனுப்பிவைப்பின், ஓர் எழுத்தும் மாற்றாமல் இப்பக்கத்திலேயே வெளியிடுவோம்.